மூன்று ஷிப்ட்டும் ஒரே நோட்டும்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிட்டாய். சொல்ல வந்ததை எழுதிவிடுகிறேன். உன் டீமில் யாரும் யாரோடும் ஒட்டுவதில்லை, கேமராவைக்கூடத் திறப்பதில்லை, இனிமேல் காலையும் மாலையும் எல்லாரும் முகம் காட்டியே ஆக வேண்டும் என்று மேலிடத்தில் சொல்கிறார்கள் என்றாயே, அது வேண்டாம் என்று நீ தைரியமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

உன் கம்ப்யூட்டர் வேலை எனக்குத் தெரியாது. ஆனால் முகம் பார்க்காமல் சேர்ந்து வேலை செய்வது நன்றாகவே தெரியும். பினாங்கு பாயான் லெப்பாஸில் நான் லைன் லீடராக இருந்த பேக்டரியில் மூன்று ஷிப்ட். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் ஒட்டும் வேலை. மெஷின் நிற்காது, ஆள்தான் மாறும். இரவு ஷிப்ட்டைப் பார்த்துக்கொண்ட மலாய்க்கார அக்கா, பஸ் பிடிக்க ஓடும் அவசரத்தில் கண்ணில் பட்டால் உண்டு.

எங்களுக்கு நடுவில் இருந்தது ஒரு தடித்த நோட்டு. எல்லாருக்கும் புரிய வேண்டும் என்று மலாயில்தான் எழுதுவோம். அவர் குறிப்பு இப்படி இருக்கும்: ஏழாம் நம்பர் மெஷினில் கம்பி அடிக்கடி அறுகிறது, டெக்னீஷியன் பார்த்துவிட்டார், ஆனாலும் எனக்குத் திருப்தி இல்லை, புதுப் பெண்ணை அதில் உட்கார வைக்காதே. அந்தக் கடைசி வரியைப் பார். அடுத்து வருகிறவள் எங்கே தடுமாறுவாள் என்று, தூக்கக் கண்ணோடு யோசித்து எழுதியிருக்கிறார். சில நாள் ஓரத்தில், மகனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று ஒரு வரி கிடக்கும். நானும் பதிலுக்கு ஏதாவது எழுதுவேன். அப்படியே பழகினோம். உனக்குப் பெயர் வைத்த அன்று நம் வீட்டுக்கு முதலில் வந்து நின்றவர் அவர்தான்.

உன் டீமிலும் வேலையை மூடுவதற்கு முன் நாலு வரி எழுத வை. எது முடிந்தது, எது பாதியில் நிற்கிறது, எதில் சந்தேகம், அடுத்தவர் எதைத் தொட வேண்டாம். முதலில் நீ எழுது. தலைவியே "இது எனக்குப் புரியவில்லை" என்று எழுதினால்தான் சின்னவர்களுக்கு வாய் திறக்கும்.

அப்புறம் இந்த நேர விஷயம். கோலாலம்பூரில் நீ காலை பத்து மணிக்கு மீட்டிங் வைத்தால் சென்னைப் பையன்களுக்கு அப்போது ஏழரை. பாவம், பசியாறாமல்கூட உட்கார்ந்திருப்பார்கள். அலோர் ஸ்டார் பெண் வெள்ளிக்கிழமை மட்டும் கேமராவை அணைத்துவிடுகிறாள் என்று குறைப்பட்டுக்கொண்டாய். அவள் இருக்கும் கெடா மாநிலத்தில் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளியும் சனியும்தானே விடுமுறை? பிள்ளைகள் எல்லாம் வீட்டில் இருக்கும், அவள் என்ன செய்வாள்? ஜொகூரில்கூட 2025 ஜனவரியில்தான் சனி, ஞாயிறுக்கு மாற்றினார்கள். கூச்சிங் பையனை நினைத்துப் பார். நாடு முழுக்க தீபாவளிக்குப் பொது விடுமுறை, அவன் இருக்கும் சரவாக்கில் மட்டும் கிடையாது. நீங்கள் எல்லாரும் பலகாரம் சாப்பிடும்போது அவன் தனியாக வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் பண்டிகை கவாய் என்கிற அறுவடைத் திருநாள், ஜூன் 1, 2. அந்த இரண்டு நாளும் அவனுக்கு ஒரு மெசேஜ்கூடப் போகாமல் நீ பார்த்துக்கொள். இதெல்லாம் உன் மேசைமேல் ஒரு தாளில் இருக்க வேண்டும்.

அலோர் ஸ்டார் பெண் நேரத்தை மாற்றிக் கேட்கத் தயங்கினால் நீயே சொல்லிக்கொடு. 2023 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் அதற்குச் சட்டமே இருக்கிறது. வேலை நேரத்தையோ, நாளையோ, இடத்தையோ மாற்றக் கேட்டு எழுதிக் கொடுக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். முடியாது என்றால் காரணமும் சொல்ல வேண்டும். வாரத்துக்கு 48 மணி நேரம் என்று இருந்தது 45 ஆனதும் அதே நாளில்தான். எங்கள் காலத்தில் இப்படி யாராவது கேட்டிருந்தால் வாசலைக் காட்டியிருப்பார்கள். இருக்கிற உரிமையை உன் டீம் பிள்ளைகள் பயப்படாமல் பயன்படுத்தட்டும்.

நேரில் பார்க்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கத்தான் வேண்டும், அதுவும் வேலை பேசாமல். ஒரு தடவை எல்லாரையும் பினாங்குக்குக் கூட்டி வா. கூச்சிங்கிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது, சென்னையிலிருந்தும் 2024 டிசம்பரில் விட ஆரம்பித்தார்கள். நீயும் ஜொகூர்க்காரர்களும் கோலாலம்பூரில் ஈடிஎஸ் ரயில் ஏறினால் பட்டர்வொர்த்தில் இறங்கிவிடலாம்; அலோர் ஸ்டார் பெண்ணும் ரயிலிலேயே வந்துவிடலாம். அப்பா ஸ்டேஷனுக்கு வந்துவிடுவார். முதல் நாள் லேப்டாப்பைத் தொடக் கூடாது. ஃபெரி ஏறி ஜார்ஜ் டவுன் போய் காலாற நடந்துவிட்டு வாருங்கள், இரவுச் சாப்பாடு நம் வீட்டில். கோழியை ஹலால் கடையிலேயே வாங்கிவிடுகிறேன். எத்தனை பேர் சைவம், யாருக்கு எது ஆகாது என்று கேட்டு எனக்கு எழுதி அனுப்பு.

அன்புடன்,
அம்மா