ஒரு செல் இறங்கினால் கொழும்புக்கா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மின் ஓட்டோ பற்றிய கட்டுரையில், "பற்றரி பழுதானால் கொழும்புக்கு அனுப்புவதே வழி, வன்னியில் அதற்கான கை இல்லை" என்று ஒரு வரி வந்திருந்தது. நாங்கள் மதித்து வாசிக்கிற பத்திரிகையில் இப்படி வந்ததுதான் கூடுதலாக நோகிறது.

மின் ஓட்டோவின் லித்தியம் இரும்பு பொஸ்பேற்றுப் பற்றரி என்றால் வழமையாக 3.2 வோல்ற் செல் 16, தொடராக, மொத்தம் 51.2 வோல்ற். சுமையோடு போகிற வண்டி திடீரென நின்றால் முழுப் பற்றரியும் செத்ததாக எடுக்கக்கூடாது. ஒரேயொரு செல் 2.5 வோல்ற் அளவுக்கு இறங்கினாலே, பற்றரியைக் காக்கும் மின்சுற்றான பிஎம்எஸ் மின்னோட்டம் முழுவதையும் வெட்டிவிடும். எங்கள் கிரவல் வீதிக் குலுக்கலில் செல்களை இணைக்கிற செப்புத் தகட்டின் நட்டும் தளரும். தளர்ந்த இடம் சூடேறிக் கறுக்கும். மோட்டர் இழுக்கும்போது ஒவ்வோர் இணைப்பிலும் மல்ரி மீற்றரை வைத்துப் பாருங்கள். எதில் மற்றவற்றைவிடக் கூடுதலான மில்லிவோல்ற் காட்டுகிறதோ அங்கேதான் பிழை. தேய்த்துத் துப்புரவாக்கி இறுக்கினால் போதும், ஆனால் நட்டு இறுக்கும் சாவியின் பிடிக்கு ரேப் சுற்றாமல் கை வைக்கக்கூடாது. இணைப்புச் சரியென்றால், இறங்கிய செல்லை மட்டும் 3.65 வோல்ற் வரை ஏற்றி ஓர் இரவு விடவேண்டும். அதன் வோல்ற் மற்றச் செல்களைவிட மிகக் கூடுதலாக இறங்கினால், அதே அளவுச் செல் ஒன்றை மாற்றவேண்டும். பழைய ஈய அமில பற்றரிச் சாஜரைக் கொழுவுவதுதான் பெரிய கேடு.

இதில் கொழும்புக்கு என்ன வேலை?

செல் சீனாவிலிருந்து வருவது நீங்கள் அறியாததல்ல. பெட்டி, வயரிங், மோட்டர் பூட்டும் பிளேற் எல்லாம் கராஜ் வேலை. டெல்லியின் மின் ரிக்‌ஷாக்கள் சின்னப் பட்டறைகளில் பூட்டப்பட்டே பெருகின, அவற்றுக்காக இந்திய மோட்டார் வாகனச் சட்டம் 2015இல்தான் திருத்தப்பட்டது. பொருளாதாரத் தடைக் காலத்தில் காபரேற்றருக்குள் துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய ஊர் இது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை போரோடு போனது. 2022இல் பெற்றோல் வரிசையில் கிடந்தோம். இப்போது கையும் இல்லை என்கிறீர்கள்.

அறிவியல்நகரில் பொறியியல் பீடமும் ஜேர்மன் தொழிற்பயிற்சி நிலையமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அவர்களைக் கேட்டு எழுதியிருக்கலாம். அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி, செல் சோதிக்கும் முறையை அரைப் பக்கத்தில் படத்தோடு போடுங்கள்.

இப்படிக்கு,
கராஜ்காரர் ஒருவர்,
கிளிநொச்சி