அந்தப் பெட்டி வேண்டாம்

ஜூரோங் வெஸ்ட், சிங்கப்பூர்

அன்புள்ள செல்வா,

கடிதம் கிடைத்தது. அக்காவுக்கு முழங்கால் வலி குறைந்ததில் எங்கள் எல்லாருக்கும் நிம்மதி. அவர் பொழுதுபோக்குக்கு, 'ஒரு தடவை காசு, ஆயுசுக்கும் தமிழ்ப்படம்' என்று விற்கிற, டிவியில் மாட்டும் ஆண்ட்ராய்டு பெட்டியை வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்.

2021 நவம்பரில் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டம், திருட்டுப்படம் காட்டும் இப்படிப்பட்ட பெட்டியை விற்பவரைத்தான் குறிவைக்கிறது: 1,00,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை. 2022 அக்டோபரில் சிம் லிம் சதுக்கக் கடைகளில் நடந்த சோதனையில் 17 பேர் கைதானார்கள். திருட்டு சர்வர் நின்ற அன்று உன் ஆயுள் சந்தாவும் நின்றுவிடும். யாரிடம் போய்க் கேட்பாய்?

அதைவிட எனக்குக் கவலை உன் வீட்டு வைஃபைதான். பெயர் தெரியாத மலிவுப் பெட்டிகள் சிலவற்றில் கெட்ட நிரல் விற்பனைக்கு முன்பே ஏறியிருக்கிறது. 'பேட்பாக்ஸ் 2.0' என்று 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்தது இதைத்தான். மோசடிக்காரன் எங்கோ உட்கார்ந்து உன் இணைப்பு வழியாக வேலை பார்ப்பான். தடயம் உன் வீட்டைக் காட்டும். நிரல் பெட்டியின் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரிலேயே இருந்தால் ரீசெட் செய்தாலும் போகாது. கூகலின் பாதுகாப்புச் சோதனையான பிளே புரொடெக்டை அணைக்கச் சொல்லும் பெட்டியைத் தொடவே தொடாதே. ஏற்கெனவே மாட்டியிருந்தால் பிளக்கைப் பிடுங்கு, வைஃபை, கூகல் கடவுச்சொற்களை மாற்று.

வாட்ஸ்அப்பில் வரும் 'புதுப்பட ஆப்' இன்னும் மோசம். அந்த ஏபிகே கோப்பு (ஆப்பை நேரடியாக ஏற்றும் கோப்பு) அக்சஸிபிலிட்டி அனுமதி கேட்கும், அது உடற்குறை உள்ளவர்கள் கைப்பேசியைப் பயன்படுத்த உதவும் வசதி. கொடுத்துவிட்டால் திரையில் தெரிவதைப் படிக்கும், உனக்குப் பதிலாகப் பொத்தானையும் அழுத்தும். வங்கிக் கணக்கு அப்படித்தான் காலியாகிறது. தப்பித்தவறி ஏற்றிவிட்டால் உடனே விமானப் பயன்முறைக்கு மாற்றி வைஃபையையும் அணை. வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல், கடவுச்சொல்லையும் அதிலிருந்தே மாற்று. சந்தேகம் இருந்தால் மோசடி உதவி எண் 1799-ஐ அழை.

முறையாகப் பார்க்கப் பெரிய செலவில்லை. பல தமிழ்ப்படங்கள் திரையரங்குக்கு வந்து ஏறக்குறைய நாலு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. நெட்ஃபிளிக்ஸ், பிரைம் இரண்டையும் சேர்த்து வைத்திருக்காதே. ஒரு மாதம் ஒன்று, அடுத்த மாதம் மற்றது. சேர்ந்த அன்றே ரத்து செய்தாலும், பொதுவாகக் கட்டிய காலம் முடியும்வரை பார்க்கலாம். இந்தியாவில் இருக்கும் படம் இங்கே இல்லாமல் போகலாம், உரிமை நாட்டுக்கு நாடு தனி. கட்டுமுன் படத்தின் பெயரை இங்கிருந்தே தேடிப் பார். அக்கா விரும்பும் பழைய படங்களுக்கு சன் நெக்ஸ்ட். இங்குள்ள தமிழ் ஒளிவழி வசந்தத்தின் நாடகங்கள் மீவாட்ச் ஆப்பில் இலவசம்.

டிவி எந்த நிறுவனம், எந்த மாடல் என்று எழுது. இந்த ஆப்களெல்லாம் அதிலேயே ஓடினால் எந்தப் பெட்டியும் தேவைப்படாது.

அன்புடன்,
மாறன்