காற்றில் உலரும் களிமண்: வெயில் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

விடுமுறையில் பிள்ளைகள் காற்றிலேயே உலரும் களிமண்ணில் பூச்சாடி செய்கிறார்கள். செய்ததும் மொட்டைமாடி வெயிலில் வைப்பதுதான் பெரும்பிழை. மேற்புறம் முதலில் காய்ந்து சுருங்கும். உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். விளிம்பில் மயிரிழையாகத் தொடங்கும் விரிசல் மறுநாள் அடிவரை இறங்கிவிடும்.

சுவர் 6 மில்லிமீட்டர் கனம் போதும். அடித்தட்டின் ஓரத்தை முள்கரண்டியால் கீறி, மண்ணைத் தண்ணீரில் குழைத்த கூழைத் தடவி, அதன்மேல் கயிறுபோல் உருட்டிய மண்திரிகளை அடுக்க வேண்டும். கீறாமல் ஒட்டிய இடம் காய்ந்ததும் விட்டுவிடும். நேரான கண்ணாடி டம்ளரை அச்சாக வைப்பவர்கள் அதில் செய்தித்தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். மண் இறுகத் தொடங்கியதும் டம்ளரை உருவிவிடுங்கள். மண் சுருங்கும், கண்ணாடி சுருங்காது.

முதல் நாள் பிளாஸ்டிக் பையால் தளர்வாக மூடி, பிறகு நிழலில் கவிழ்த்து வைத்தால் 3 நாளில் காயும். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு வாரம்கூட ஆகும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் ஈரம் போகவில்லை, வர்ணம் பூசக் கூடாது.

வார்னிஷ் அடித்தாலும் சுடாத மண் தண்ணீர் தாங்காது. உள்ளே சிறிய டம்ளர் வைத்து அதில்தான் நீர் ஊற்ற வேண்டும்.

– கைவினைப் பயிற்றுநர்கள்,
கும்பகோணம்.