நாடி ஜோசியமும் 1729உம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் எதையெல்லாம் முன்கூட்டியே சொன்னது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நாடி ஜோசியம் மாதிரி இருந்தது. 1989லிருந்து ஓடுகிற தொடரில் நாலு விஷயம் பலிக்காமலா போகும்? எழுதுகிறவர்கள் வேண்டுமென்றே ஒளித்துவைத்த கணிதத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்றுதான் எனக்கு வருத்தம்.

1998இல் வந்த எபிசோடில் சிம்ப்சன் குடும்பத்து அப்பா ஹோமர் கரும்பலகையில் கணக்கு எழுதுவார். அதன் முதல் வரியைத்தான் ஹிக்ஸ் போசான் என்கிற நுண்துகளை முன்பே கணித்துவிட்டார் என்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள். நான் சொல்வது அடுத்த வரி. 3987இன் 12ஆம் அடுக்கையும் 4365இன் 12ஆம் அடுக்கையும் கூட்டினால் 4472இன் 12ஆம் அடுக்கு வருமாம். அப்படி வந்தால், 2க்கு மேற்பட்ட எந்த அடுக்கிலும் முழு எண்களுக்கு இப்படி வராது என்கிற ஃபெர்மாவின் கடைசித் தேற்றமே பொய்யாகிவிடும்! பத்து இலக்கம் காட்டும் கால்குலேட்டரில் போட்டால் சரி என்றே காட்டும், ஏனென்றால் முதல் பத்து இலக்கமும் இரண்டு பக்கமும் ஒன்றுதான், வித்தியாசம் அதற்கு அப்புறம்தான் வருகிறது. ஆனால் கால்குலேட்டரே வேண்டாம். 3987உம் 4365உம் 3ஆல் வகுபடும், 4472 வகுபடாது. எட்டாம் வகுப்புப் பிள்ளை பிடித்துவிடும்.

சிம்ப்சன்ஸை உருவாக்கிய அதே மேட் க்ரோனிங் 1999இல் தொடங்கிய 'ஃபியூச்சுராமா' கார்ட்டூன் நமக்கு இன்னும் நெருக்கம். பெண்டர் என்கிற ரோபோவுக்கு அவனைச் செய்த இயந்திரம் கிறிஸ்துமஸ் அட்டை அனுப்புகிறது, அதில் 'மகன் எண் 1729' என்று இருக்கும். அதில் வரும் ஒரு விண்கப்பலின் பதிவு எண்ணிலும் அதே 1729. கணிதப் பேராசிரியர் ஹார்டி வந்த டாக்சியின் எண், இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச்சிறிய எண் என்று நம் ராமானுஜன் படுக்கையிலிருந்தே விளக்கம் சொன்ன எண். தற்செயல் இல்லை, எழுத்தாளர்களில் ஒருவரான கென் கீலர் ஹார்வர்டில் பயன்பாட்டுக் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 2010இல் ஒரு எபிசோடின் கதைச் சிக்கலைத் தீர்க்கவே புதிதாக ஒரு தேற்றத்தை நிரூபித்தார்.

சிம்ப்சன்ஸில் வரும் இந்தியக் கடைக்காரர் அபு பாத்திரத்தின் உச்சரிப்புக் கேலி எனக்குப் பிடிக்காது, அது வேறு பேச்சு. ஆனால் அந்தப் பெயரே சத்யஜித் ராய் படங்களின் நாயகன் அபுவிலிருந்து எடுத்தது. 'பை'யின் 40,000ஆவது தசம இலக்கம் 1 என்று அவர் நீதிமன்றத்தில் சொல்வாரே, அதுவும் நிஜம். நாசாவில் இருந்த ஒரு கணிதவியலாளரிடம் கேட்டு வாங்கிப் போட்டிருக்கிறார்கள்.

கட்டுரையாளரிடம் இதைப் பற்றியும் ஒன்று எழுதச் சொல்லுங்கள். ஜோசியத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியை,
ஈரோடு