கண்ணில் கீறல் பட்டால் மெடிக்கலா, கண் டாக்டரா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கண் சிகிச்சை முகாம் பற்றிய செய்தி படித்தேன். முகாமுக்கு ஜனங்கள் வருவதில்லை என்ற பழைய புகாருக்கு இனி இடமில்லை. புரை என்று சொல்லிவிட்டால் தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் பாட்டிமார்கள்கூட மாற்றுச் சேலையைப் பையில் வைத்துக்கொண்டு முகாம் வண்டியில் ஏறிவிடுகிறார்கள். கண்ணில் அடிபட்டால்தான் இதே ஜனங்கள் நேராக மெடிக்கலுக்குப் போகிறார்கள். "கண்ணு செவந்திருக்கு, சொட்டு மருந்து குடுங்க" என்றால் வேலை முடிந்தது.

கரும்புச் சோகையின், அதாவது இலையின், ஓரம் அரம் மாதிரி இருக்கும். பாலக்கோடு, அரூர் பக்கம் வெட்டு நடக்கும் நாட்களில் அது கண்ணைக் கீறுவது சாதாரணம். ராகி அடிக்கும்போது உமி தெறிக்கும். கண்ணாடி போன்ற கருவிழிப் படலத்தின் கனம் சுமார் அரை மில்லிமீட்டர்தான். சுத்தமான கீறலாக இருந்தால் இரண்டு மூன்று நாளில் தானே ஆறும். சோகையோடு பூஞ்சை வித்தும் உள்ளே போயிருந்தால் ஆறாது. சில நாள் உறுத்தலைத் தவிர ஒன்றும் தெரியாது. பிறகு கருவிழியில் சாம்பல் வெள்ளையாக, ஓரம் பிசிறடித்த ஒரு புள்ளி தோன்றும்.

இந்தக் கண்ணில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை விட்டால் சிவப்பும் வலியும் குறையும். அதுதான் வினை. மருந்து கேட்டுவிட்டது என்று நம்பி இன்னொரு பாட்டில் வாங்குகிறார்கள். ஸ்டீராய்டு உடம்பின் எதிர்ப்பை அடக்கிவிடுவதால் பூஞ்சையோ தடுக்க ஆளில்லாமல் உள்ளே இறங்குகிறது, கருவிழி ஓட்டையாகும்வரை போவதும் உண்டு. ஆறினாலும் பூ விழுந்துவிடும், அதாவது வெள்ளைத் தழும்பு நின்றுவிடும். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து இது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், நாக்கால் தூசு எடுப்பது எல்லாம் கிருமியைச் சேர்க்குமே தவிர வேறு பயன் இல்லை.

கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது இரண்டு நிமிட வேலை. ஃப்ளோரசின் என்ற சாயம் ஏற்றிய ஆரஞ்சு நுனி காகிதப் பட்டையை நனைத்து, கீழ் இமையை இழுத்து உள்ளே தொட்டு, கண்ணைச் சிமிட்டச் சொல்லி, நீல வெளிச்சம் அடித்தால் கீறிய இடம் மட்டும் பச்சையாக மின்னும்.

பூஞ்சைப் புண்ணுக்கு டாக்டர் எழுதுவது பெரும்பாலும் நாட்டமைசின் 5 சதவீத சொட்டு மருந்து. ஆரம்பத்தில் மணிக்கு ஒரு சொட்டு, பிறகு குறைத்து வாரக்கணக்கில். மருந்து பாட்டிலின் அடியில் படியும்; குலுக்காமல் விட்டால் மேலே நிற்கும் தண்ணிதான் கண்ணில் விழும். இன்னொரு சொட்டு மருந்தும் இருந்தால் 5 நிமிடம் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் பின்னது முன்னதைக் கழுவிவிடும்.

ஓசூர் பட்டறைகளில் கிரைண்டர் தெறித்துச் சிக்கும் இரும்புத் துகளைத் தீக்குச்சியால் நோண்டுவதும் இதே ரகம். ஒரு நாள் கிடந்தாலே சுற்றிலும் துரு வளையம் பிடித்துவிடும்.

ஜனங்களை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. அஞ்செட்டியிலிருந்து கிருஷ்ணகிரி போய் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. நேபாளத்தின் பக்தபூரில் கிராமத் தொண்டர்களே கீறலைக் கண்டுபிடித்து, பாக்டீரியாவைத் தடுக்கும் 1 சதவீத குளோரம்பெனிகால் களிம்பை தினம் 3 வேளை, 3 நாள் போட்டார்கள். அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் களிம்பு தொடங்கிய ஒருவருக்கும் புண் வைக்கவில்லை என்று 2001இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நம் பக்கம் பூஞ்சை அதிகம் என்பதால் களிம்போடு விட முடியாது. மூன்றாம் நாள் திரும்பப் பார்த்து, ஆறாதவர்களை அன்றே கண் டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

வீட்டுக்கே போய் பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அந்த ஊழியர்களின் பையில் ஒரு கட்டு காகிதப் பட்டை, நீல டார்ச், நாலு களிம்பு டியூப் சேர்க்க மாவட்டச் சுகாதார அதிகாரிகள் ஏற்பாடு செய்யலாம். கரும்பு வெட்டு தொடங்கும் முன் செய்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண் மருத்துவ உதவியாளர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்