சுற்றுச்சுவரோடு நின்றுவிடாதீர்கள்: பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர் மாவட்டத் தொடக்கப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் வணக்கம்.

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்து ஒன்றியப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போதும் யாராவது கூப்பிட்டால் குழுக் கூட்டத்துக்குப் போய் ஓரமாக உட்காருவேன். எந்த ஊர்க் கூட்டமானாலும் குழந்தைகள் பாதுகாப்பு என்று பேச்சு வந்ததும் சுற்றுச்சுவர், கேட், கேமரா என்று மூன்று விஷயத்தோடு நின்றுவிடுகிறது. பாடம் என்று வந்தாலோ, "அது டீச்சருங்க விஷயம், எங்களுக்கு இன்னா தெரியும்" என்று ஒதுங்கிக்கொள்கிறீர்கள். வகுப்பில் பாடம் எப்படி நடக்கிறது என்று கேட்காமல் பாதுகாப்பைப் பற்றி முழுசாகப் பேச முடியாது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, குழந்தையை அடிக்கவும் மனத்தைப் புண்படுத்தவும் கூடாது என்கிறது. இது பலருக்குத் தெரியும். பாடத்திட்டத்தையும் மதிப்பீட்டையும் பற்றிய 29-ஆம் பிரிவை அவ்வளவாக யாரும் படிப்பதில்லை. பாடத்திட்டம் வகுப்பவர்கள் கவனிக்க வேண்டியவற்றுள் ஒன்றாக, குழந்தையைப் பயம், அதிர்ச்சி, பதற்றத்திலிருந்து விடுவிப்பதும், மனத்தில் பட்டதைத் தயங்காமல் சொல்ல உதவுவதும் அங்கே எழுதப்பட்டிருக்கின்றன. பயத்தைப் போக்குவதைத் தண்டனைப் பிரிவோடு விட்டுவிடாமல் பாடத்திட்டப் பிரிவிலும் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். சட்டம் எழுதியவர்களைப் பற்றி எனக்குப் பல குறைகள் உண்டு, ஆனால் இந்த இடத்தில் அவர்களுக்கு வகுப்பறை தெரிந்திருக்கிறது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களில் பெரும்பாலும் குற்றவாளி குழந்தைக்குத் தெரிந்த ஆள்தான். பக்கத்து வீட்டுக்காரர், சொந்தக்காரர், தினமும் பார்க்கிற யாரோ ஒருவர். அவரைச் சுற்றுச்சுவர் தடுக்காது. நடந்ததைக் குழந்தை வாய் திறந்து ஒரு பெரியவரிடம் சொன்னால்தான் அது நிற்கும். வீட்டு ஆளாக இல்லாத ஒரு பெரியவரிடம், தனக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லும் பழக்கம் ஒரு குழந்தைக்கு எங்கே வரும்? ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புக்குள் வந்தால்தான் உண்டு. "புரியலை டீச்சர்" என்று சொல்லப் பயப்படுகிற பிள்ளை, "அந்த அண்ணன் என்னைத் தொட்டாரு" என்று சொல்லவே சொல்லாது. கைகட்டி, வாய் பொத்தி, ஊசி விழுந்தால் கேட்கிற வகுப்பைப் பார்த்து "நல்ல கட்டுப்பாடு" என்று நீங்கள் மெச்சும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும்.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில் பல வீடுகளில் தெலுங்கு பேசுகிறார்கள், பேரணாம்பட்டில் நிறைய வீடுகளில் உருது. தமிழ் பேசுகிற வீட்டுப் பிள்ளையும் "எங்கூட்டாண்ட" என்றுதான் பேச்சைத் தொடங்கும். வாயைத் திறக்கும்போதெல்லாம் "ஒழுங்கா பேசு" என்று திருத்தினால் அது ரெண்டே மாதத்தில் பேசுவதை நிறுத்திவிடும். வலியையும் உடம்பையும் பற்றிச் சொல்ல ஆறு வயதுப் பிள்ளைக்கு வீட்டுப் பேச்சுதான் கைகொடுக்கும். புத்தகத் தமிழைக் கட்டாயம் கற்றுக்கொடுக்க வேண்டும், நானும் கொடுத்தவள்தான். முதலில் பிள்ளை சொல்ல வந்ததைக் கேட்டுவிட்டு அப்புறம் திருத்தலாம்.

சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தையும் கணக்கையும் கற்றுக்கொடுக்க, கொரோனாவுக்குப் பிறகு 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் எனக்குப் பிடித்தது இதுதான். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்து உட்கார வைத்துப் பாட்டும் கதையும் பொம்மலாட்டமுமாகப் பாடம் நடத்தச் சொல்கிறார்கள். கையில் ஒரு பொம்மையைக் கொடுத்துப் பாருங்கள், வருஷம் பூராவும் பேசாத பிள்ளை பொம்மையின் வாயால் பேசும். வீட்டில் அப்பா குடித்துவிட்டு வந்த கதைகூட அப்படித்தான் வெளியே வரும். அந்த நேரத்தில் டீச்சர் செல்போனில் மதிப்பெண் ஏற்றிக்கொண்டிருந்தால் அது யார் காதிலும் விழாது. ஆப்பில் பதிவு செய்யும் வேலை பாட நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர்கள் புலம்புவதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிடாதீர்கள்.

ஆசிரியர் எண்ணிக்கைக்கு வருவோம். சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை ரெண்டு ஆசிரியர். நம் ஒன்றியப் பள்ளிகளில் பலவும் இந்தக் கணக்கில் அடங்கிவிடும். அதாவது அஞ்சு வகுப்புக்கு ரெண்டு பேர். ஒருவர் பயிற்சிக்கோ மீட்டிங்குக்கோ போய்விட்டால் மிச்சம் ஒருவர். அன்றைக்குப் பாடம் நடக்காது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கழிவறைக்குப் போன ரெண்டாம் வகுப்புப் பிள்ளை திரும்பி வந்ததா என்று யார் பார்ப்பது? இந்தக் குறையைக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதி, வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் இல்லை.

கட்டடத்தைப் பற்றி நான் நீட்டப் போவதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையல் கூடத்துக் கீற்றில் பிடித்த தீ வகுப்பறைக்குப் பரவி 94 பிள்ளைகளைக் கொண்டுபோன பிறகுதான் நமக்குக் கூரை கண்ணில் பட்டது. 2021 நவம்பர் மழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் போனார்கள். அடுத்த மாதமே நெல்லையில் பள்ளிக் கழிவறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். மழைக்காலம் வருமுன் ஒருமுறை சுவரையும் கூரையையும் சுற்றிப் பாருங்கள், விரிசல் இருந்தால் போட்டோ எடுத்து எழுதிக் கொடுங்கள்.

பள்ளிக்கு வெளியில் இருக்கிற ஆபத்தைப் பாடத்துக்குள்ளேயே கொண்டுவரலாம். திசை, வரைபடம் என்று பாடம் வரும்போது பிள்ளைகளையே ஊர்ப் படம் வரையச் சொல்லுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத விவசாயக் கிணறு எது, பாலாற்றில் மணல் எடுத்த பள்ளத்தில் எங்கே தண்ணீர் நிற்கிறது, பெங்களூர் ஹைவேயை எந்த இடத்தில் தாண்டுகிறார்கள், எந்தத் தெருவில் நாய் துரத்துகிறது என்று எல்லாம் வரும். பெரியவர்களுக்குத் தெரியாத இடங்களும் வரும், அவற்றைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். எந்த இடத்தைச் சிவப்பில் தீட்டியிருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். எண்கள் படிக்கும்போது அம்மா செல்போன் நம்பரையும், குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐயும் மனப்பாடம் செய்யட்டும். உடல் உறுப்புகள் பாடத்தில் எந்த உறுப்பையும் தாண்டிக் குதிக்காமல் பெயர் சொல்லிக் கொடுங்கள் என்று டீச்சரிடம் நீங்களே சொல்லுங்கள். பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்று பயந்துதான் பல ஆசிரியர்கள் அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டுகிறார்கள்.

இப்போது, சொல்லக் கொஞ்சம் கஷ்டமான விஷயம். ஒரு பிள்ளை ஏதாவது சொல்லிவிட்டால் "ஊர் மானம்", "பொண்ணு பேரு கெட்டுடும்" என்று நாலு பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்துவிடுகிறார்கள். அப்படிப் பேசி முடிக்க யாருக்கும் உரிமை கிடையாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, தனக்குக் கீழே இருப்பவர் செய்த குற்றத்தை ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர் மறைத்தால் ஒரு வருஷம் வரை. "போலீஸ் ஸ்டேஷனுக்குப் பிள்ளையை இழுப்பாங்களே" என்ற பயம் எனக்கும் புரிகிறது. பிள்ளை இருக்கும் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வைத்துத்தான் வாக்குமூலம் வாங்க வேண்டும், முடிந்தவரை பெண் எஸ்.ஐ. வர வேண்டும், சீருடையில் வரக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. இதைக் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். குழு வாட்ஸ்அப்பில் அந்தப் பிள்ளையின் பெயரோ படமோ வரவே கூடாது.

காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. பசியோடு வந்து முதல் பாடத்திலேயே சுருண்டு படுத்த பிள்ளைகளைப் பார்த்தவள் என்பதால் அதை நான் குறைவாகப் பேச மாட்டேன். ஆனால் டீச்சர் வருவதற்கு முன்பே பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். அந்த இடைவெளியில் யார் பொறுப்பு? சமைக்கிற மகளிர் குழு அக்காக்களுக்கு அடுப்பைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கிறது. பெற்றோரில் ரெண்டு பேர் முறை வைத்து வந்து நிற்கலாம். சாப்பிடாமல் தட்டைத் தள்ளுகிற பிள்ளை யார் என்று முதலில் கவனிப்பதும் அந்த அக்காக்கள்தான். அதனால் அவர்களையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

கூட்டம் என்றதும் நினைவுக்கு வருகிறது. மத்தியானம் மூன்று மணிக்குக் கூட்டம் வைத்தால் பீடி சுற்றுகிற அம்மாக்கள் வர முடியாது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள், பீடிக் கட்டுகளைக் கணக்குப் பார்த்து ஒப்படைக்கிற நேரத்தில் எழுந்து வந்தால் அன்றைய கூலி குறையும். அவர்கள் வராத கூட்டத்தில் அவர்கள் பிள்ளைகளைப் பற்றி யார் பேசுவது? அடுத்த கூட்டத்துக்கு அவர்களைக் கேட்டு நேரம் குறியுங்கள். அன்றைக்கு முதல் விஷயமாகப் பிள்ளைகள் வரைந்த ஊர்ப் படத்தை மேசையில் விரித்துவையுங்கள், கேமரா கொட்டேஷனை அதற்கு அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர்,
குடியாத்தம்