எங்கள் இசை வட்டத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே, வணக்கம்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். மழையால் இரண்டு மாதக் கூட்டங்கள் நடக்கவில்லை. மற்ற மாதங்களில் நாங்கள் அதிகம் பேசியது ஒரே படைப்பைப் பற்றித்தான். ஆகவே நானும் அதையே விரித்துச் சொல்கிறேன்.

அமெரிக்க இசையமைப்பாளர் கரோலைன் ஷா எட்டுக் குரல்களுக்கு எழுதிய ‘பார்ட்டீட்டா’ அது. வாத்தியம் ஒன்றும் கிடையாது. பகுதிகளுக்குப் பழைய ஐரோப்பிய நடனங்களின் பெயர்கள். 2013இல் இதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 30. இசைக்காக அப்பரிசைப் பெற்றவர்களில் அவரே ஆக இளையவர். பேச்சு, பெருமூச்சு, முணுமுணுப்பு எல்லாவற்றையும் இசையாக்கியதை நடுவர்கள் பாராட்டினார்கள்.

வாசிகசாலையில் அதைப் போட்டபோது முதலில் ஆட்டக்காரரை இடம்மாறச் சொல்லும் கட்டளைகள், ஒன்றன்மேல் ஒன்றாகப் பேச்சு. “சந்தை இரைச்சல் மாதிரியெல்லோ கிடக்கு” என்றார் பின்வரிசையில் ஒருவர். திடீரென எட்டுக் குரலும் ஒன்றாக எழும்பின. கதிரைக் கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த கூத்துப் பழக்கும் எங்கள் அண்ணாவியாரின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. “வசனம் தருவாகிற இடம் தம்பி, இன்னொருக்காப் போடு” என்றார். கூத்துப் பாட்டைத்தான் தரு என்பார்கள். நான் வாசித்த எந்த விமர்சனமும் இவ்வளவு கிட்டப் போகவில்லை.

2022இல் ஜஸ்டின் பெக் இதற்கு நியூயோர்க் சிட்டி பலே என்ற நடனக் குழுவில் நடனம் அமைத்தார். எட்டுக் குரலுக்கு எட்டு ஆட்டக்காரர், காலில் சாதாரண சப்பாத்து.

ஆனால் கண்டனமும் உண்டு. வடதுருவப் பக்கத்துப் பழங்குடிகளான இனூயிட் பெண்கள் இருவர் முகம்பார்த்து நின்று மூச்சால் பாடும் ‘கத்தஜாக்’ முறை இதன் ஒரு பகுதியில் வருகிறது. அதை உரிய மதிப்பின்றி எடுத்தாண்டதாக 2019இல் இனூயிட் பாடகி தான்யா தகாக் குற்றம் சாட்டினார். பாடிய குழுவினரோ 2010இல் இனூயிட் பாடகிகளிடமே அதைப் பயின்றதாகச் சொன்னார்கள். நல்ல படைப்பென்பதில் எனக்கு இப்போதும் ஐயமில்லை. தகாக்கின் கோபமும் நியாயம்தான்.

அது எங்களுக்கும் சுட்டது. முள்ளியவளைப் பக்கம் ஓர் அம்மா பாடிய பண்டிப்பள்ளு என்ற நாட்டார் பாட்டை முன்னர் ஒருவர் பதிவுசெய்துகொண்டு போனார். பிறகு அது ஒரு மேடையில் ஒலித்தது. அம்மாவின் பெயரை யாரும் சொல்லவில்லை. அந்தச் சபையில் நானும் இருந்தேன். எழும்பிக் கேட்காமல் விட்டது என் பிழை.

ஆகவே இனி நாங்கள் பதியும் ஒவ்வொரு பாட்டோடும் பாடியவரின் பெயரும் ஊரும், அவருக்குச் சொல்லித்தந்தவரின் பெயரும் சேரும் எனச் செயற்குழு தீர்மானித்துள்ளது. அதற்கான கொப்பி வாசல் மேசையில் இருக்கிறது. அந்த அம்மாவின் பெயரை முதல் வரியில் எழுதிவிட்டேன். தேநீர் குடித்துவிட்டுப் போகும்போது, உங்களுக்குப் பாட்டுச் சொல்லித்தந்தவர்களின் பெயர்களையும் எழுதிவிட்டுப் போங்கள்.

செயலாளர்